கை மரத்தால் நரம்பு டெஸ்ட்: எங்கே தவறுகிறோம்

இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து கையை உதறுகிற ஆச்சிகளை காரைக்குடிப் பக்கம் எத்தனையோ பேர் பார்த்திருப்பீர்கள். கைமுறுக்கு சுற்றும் கை, கொட்டான் பின்னும் கை, கண்டாங்கி நெய்யும் கை. கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலில் பாதி வரை மரத்து, சுண்டுவிரல் மட்டும் தப்பினால், மணிக்கட்டில் மீடியன் நரம்பு நசுங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். இதைத்தான் கார்பல் டனல் என்கிறார்கள். டாக்டர் நரம்பில் லேசாக கரண்ட் கொடுத்து வேகம் பார்க்கும் டெஸ்ட் எழுதித் தருவார். தவறுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

ரிப்போர்ட் நார்மல் என்றதும் "ஒண்ணுமில்லை, வயசாச்சுல்ல" என்று விட்டுவிடுகிறார்கள். ஆரம்ப நிலையில் டெஸ்ட் நார்மலாகவே வரலாம். அறிகுறி தெளிவாக இருந்தால் மணிக்கட்டை நேராகப் பிடித்து வைக்கும் பட்டையை இரவில் சில வாரம் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை, டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு நேர்மாறான சிக்கல்: மணிக்கட்டில் நரம்பு நசுங்காமலே ரிப்போர்ட்டில் கோளாறு காட்டலாம். சர்க்கரையே எல்லா நரம்பையும் மந்தமாக்கும் என்பதால், அதே கையில் சுண்டுவிரலுக்குப் போகும் நரம்போடு ஒப்பிட்டார்களா என்று பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்காதீர்கள். கழுத்து எலும்பில் நரம்பு அழுந்தினாலும் விரல் மரக்கும். ஏசி அறையில் கை சில்லென்று இருந்தாலும் வேகம் குறைந்து காட்டும், அதனால் கையைச் சூடாக்கிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். அன்றைக்குக் கையில் எண்ணெய், கிரீம் வேண்டாம். பேஸ்மேக்கர் இருந்தாலோ ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்பே சொல்லிவிடுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. ரிப்போர்ட்டில் 'கடுமை' என்று வந்த பிறகும், கட்டைவிரல் அடியில் இருக்கும் சதைமேடு குழிந்து, ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை என்ற பிறகும், தைலமும் விட்டமின் மாத்திரையுமாக வருடக்கணக்கில் தள்ளிப்போடுவது. லேசான நிலைக்குப் பட்டையும் மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசியும் பெரும்பாலும் போதும், சரி. சதை வற்றத் தொடங்கிவிட்டால் நரம்பின் மேல் அழுத்தும் தசைநாரை வெட்டிவிடும் ஆபரேஷனைப் பற்றி உடனே பேச வேண்டும், ஏனென்றால் வற்றிய சதை முழுதாகத் திரும்பாமலே போகலாம். அப்புறம், வலி நின்றுவிட்டது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வலி போய் மரப்பு மட்டும் எந்நேரமும் நின்றால் நரம்பு இன்னும் மோசமாகியிருக்கக்கூடும்.

ஆபரேஷன் முடிந்து கை நன்றாக இருக்கும்போது மறுபடி டெஸ்ட் எடுத்து, ரிப்போர்ட் இன்னும் நார்மல் ஆகவில்லை என்று பயப்படுகிறவர்களும் உண்டு. கை தேறிய பின்னும் அந்த எண்கள் பழைய நிலைக்கு வராமல் இருக்கலாம்.