கைக்குழந்தைக்கு சளின்னா சூடம் வேண்டாங்க

மழை சீசன்ல குழந்தைக்கு மூக்கு அடைச்சா உடனே தேங்கா எண்ணெய்ல சூடத்தைப் போட்டு சுட வச்சு நெஞ்சுல தேய்க்கறது நம்ம வீடுகள்ல ரொம்ப சகஜம், ஆனா 2 வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு தயவுசெஞ்சு இதை செய்யாதீங்க. சூடம் தோல் வழியாவும் உள்ள போகும், அளவு கொஞ்சம் கூடினாலே ஃபிட்ஸ் வர வாய்ப்பிருக்கு, மூக்குக்குள்ள தடவறது இன்னும் மோசம். கடைல வாங்கற தைலத்துலயும் இருக்கும், அட்டைல கேம்ஃபர்னு போட்டிருக்கான்னு திருப்பிப் பாருங்க.

அதுக்கு பதிலா மெடிக்கல்ல சலைன் மூக்கு டிராப்ஸ் கிடைக்கும், வெறும் உப்புத்தண்ணி தான், பால் குடுக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி விட்டா அடைப்பு இளகி குழந்தை நிம்மதியா குடிக்கும். துளசி சாறுல தேன் குழைச்சு நாக்குல தடவறதும் 1 வயசு முடியற வரைக்கும் கூடாது, தேன்ல இருக்கற ஒரு கிருமி பச்சக்குழந்தை குடல்ல வளர்ந்து விஷமாகிடும்.

இன்னொன்னு, சூடக்கட்டி பாக்க அப்படியே கற்கண்டு மாதிரி இருக்கும், தவழற குழந்தை இருந்தா பூஜை அலமாரில மேல்தட்டுல வைங்க. வாயில போட்டு முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, நேரா ஆஸ்பத்திரி இல்லன்னா 108.

2 மாசத்துலருந்து 1 வயசுக்குள்ள குழந்தை, நிமிஷத்துக்கு 50 தடவையோ அதுக்கு மேலயோ மூச்சு வாங்குது, இல்லன்னா விலா கீழ குழி விழுதுன்னா எந்த கைவைத்தியமும் வேண்டாம், அன்னைக்கே டாக்டர்ட்ட தூக்கிட்டு போயிடுங்க.