கடலோரத்தில் பழைய மாருதி 800-ஐக் குறைந்த செலவில் மீட்பது எப்படி?

வடசென்னையில் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எனக் கடலை ஒட்டி வாழ்பவர்கள் ஒரு பழைய மாருதி 800-ஐப் புதுப்பிக்க நினைத்தால், கையிலிருக்கும் பணத்தில் முதல் ரூபாயைத் தகரத்துக்கும் கடைசி ரூபாயைப் பெயின்ட்டுக்கும் ஒதுக்க வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். என் தந்தையார் ஓட்டிய 1994ஆம் ஆண்டு வண்டிக்கு முழு பெயின்ட் அடித்து வாங்கி வந்தேன். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் ஓட்டுநர் காலடியில் தரை ஓட்டையாகி, கதவுகளின் அடிவிளிம்பில் புதுப் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழுந்தது. அந்தப் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு இரண்டாம் முறை தொடங்கியபோது கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

வண்டி எது என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். மும்பையின் குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி கார் அழகில் குறைந்ததல்ல; ஆனால் அதன் உதிரிப் பாகங்களைத் தேடுவதே தனி வேலையாகிவிடும். மாருதி 800 அப்படியல்ல. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில்தான் உற்பத்தி நின்றது. மூன்று சிலிண்டர் கொண்ட 796 சி.சி. இஞ்சினை அறியாத மெக்கானிக் வடசென்னையில் இல்லை. குறைந்த பணத்தில் தொடங்குபவர்களுக்கு, 1986-இல் வந்த இரண்டாம் வடிவத்திலிருந்து ஒரு கார்புரேட்டர் வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

வாங்கப் போகும்போது ஒரு சிறிய காந்தமும் ஒரு ஸ்குரூடிரைவரும் கையில் இருக்கட்டும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைச் சக்கர வளைவுகளிலும் கதவின் அடியிலும் வைத்துப் பார்த்தால், அது ஒட்டாத இடத்தில் தகரத்துக்குப் பதிலாகப் பள்ளத்தை நிரப்பும் பட்டி (புட்டி) இருக்கிறது என்று பொருள். பிறகு தரைவிரிப்பை முழுவதுமாகத் தூக்கி, நான்கு மூலைகளிலும், பேட்டரித் தட்டிலும், டிக்கியின் தரையிலும், முன் சஸ்பென்ஷனின் மேல்முனை உடலோடு சேரும் இடத்திலும் ஸ்குரூடிரைவரின் முனையை அழுத்திப் பார்க்க வேண்டும். தரை துருப்பிடித்திருந்தால் சரிசெய்துவிடலாம். சஸ்பென்ஷன் தாங்கும் இடம் பொத்தலாக இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலி பக்கம் நின்ற வண்டிகளைக் கூடுதல் கவனத்துடன் பாருங்கள். அந்த வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் கலந்திருந்ததால், இருக்கைத் தண்டவாளத்திலும் சீட் பெல்ட்டின் உட்பகுதியிலும் பிசுபிசுப்பான கறுப்புக் கறை தென்பட்டால், வயரிங் முழுவதும் நீரில் கிடந்தது என்றே கொள்ள வேண்டும்.

ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, உயிரோடு இருக்கிறதா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். 15 ஆண்டைக் கடந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது, 20 ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. இதைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட பட்ஜெட் பாதியில் நின்றுவிடும்.

இனி தகர வேலை. இருக்கைகள், தரைவிரிப்பு, அதன் அடியில் ஒட்டியிருக்கும் தார்ப் பட்டை ஆகிய அனைத்தையும் நீங்களே கழற்றிச் சுரண்டி எடுத்துவிட்டால், டிங்கரிங் கூலியில் கணிசமான தொகை மிச்சமாகும். நான் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இதை முடித்தேன். வண்டியை உயர்த்தும்போது செங்கல்லையோ ஜாக்கியை மட்டுமோ நம்பாமல், இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்த வேண்டும். சுரண்டிய பின் துரு மேலோட்டமாக இருக்கும் இடங்களைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியைத் தடவி, நீரால் கழுவி, அன்றைக்கே உலர்த்தி ப்ரைமர் பூசிவிட வேண்டும். கடற்காற்றில் வெறும் தகரத்தை ஓர் இரவு விட்டாலே காலையில் செம்பழுப்புப் படலம் படிந்திருக்கும்.

ஓட்டை விழுந்த இடத்தில் குறுக்குவழி கிடையாது. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஃபைபர் படகுகளைப் பழுதுபார்ப்பவர்கள் இருப்பதால், ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் நம் பகுதியில் எளிதில் கிடைக்கின்றன. அதையே கார் தரையிலும் ஒட்டிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. படகு முழுவதுமே ஃபைபர் என்பதால் அங்கே அது பொருந்துகிறது. கார் தரையிலோ அந்த ஒட்டுக்கும் தகரத்துக்கும் இடையில் ஈரம் நுழைந்து, கண்ணுக்குத் தெரியாமல் துரு பரவிக்கொண்டே இருக்கும். விபத்தின்போது தாங்க வேண்டிய வலிமையும் அதற்கு இல்லை. ஆகவே துருவேறிய பகுதியை நல்ல தகரம் தென்படும் வரை வெட்டி எடுத்துவிட்டு, 20 கேஜ், அதாவது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் தகரத்தை அளவாக வெட்டி வெல்டிங் செய்ய வேண்டும். கேஸ் வெல்டிங்கின் வெப்பம் மெல்லிய தகரத்தை நெளித்துவிடும் என்பதால், மிக் (MIG) என்னும் மின் வெல்டிங் வைத்திருக்கும் பட்டறையைத் தேடுவது நல்லது. தொடர்ந்து ஒரே இழுப்பாக இழுக்காமல், புள்ளி புள்ளியாக இடம் மாற்றி மாற்றி வைத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பின்பக்கத் தரையில் வேலை என்றால் பெட்ரோல் டாங்கையும் குழாய்களையும் வண்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டிலும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வெல்டிங் முடிந்ததும் வெறும் தகரத்தின் மேல் துத்தநாகம் கலந்த ப்ரைமர், அதன்மேல் இணைப்புகளில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், வெளிப்புறத்தில் அடிப்பகுதியைக் காக்கும் அண்டர் கோட்டிங் என்ற வரிசையில் பூச வேண்டும். பலரும் மறந்துவிடுவது உட்புறத்தை. ரன்னிங் போர்டின் குழிக்குள்ளும் கதவுகளின் உள்ளேயும் மெல்லிய குழாய் வழியாக மெழுகுப் பூச்சைத் தெளிக்காவிட்டால், வெளியே எவ்வளவு பூசினாலும் துரு உள்ளிருந்தே புறப்படும். கதவின் அடியில் நீர் வடிய வைத்திருக்கும் துளைகளைப் பட்டியோ பெயின்ட்டோ அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய 800-களின் கதவுகள் பெரும்பாலும் இந்த ஒரே காரணத்தால் அழுகுகின்றன.

பிரேக்கில் பழைய பொருள் எதுவும் வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், ஷூக்கள் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்கி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட ஆயிலை முழுவதுமாக மாற்றுங்கள். பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, பம்பர், கைப்பிடி, டேஷ்போர்டு போன்றவற்றைத் தாராளமாகப் பழையதாக வாங்கலாம். அங்கே என் வண்டிக்கு ஒரு முழுக் கதவே கிடைத்தது. ஆனால் நம் உயிர் சார்ந்திருக்கும் ரப்பரையும் டயரையும் அங்கே வாங்கக் கூடாது. எதை வாங்கினாலும் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இஞ்சினைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். முதலில் சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்து, மூன்று சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டினால், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பிளக், ஆயில், ஃபில்டர்கள் ஆகியவற்றை மட்டும் மாற்றினால் போதும். நம் பகுதியில் இஞ்சினுக்கு முதல் பகை தண்ணீர். மீஞ்சூர் தொடங்கிக் கரையோர நிலத்தடியில் கடல்நீர் ஏறிக்கிடப்பது பல ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. அந்த போர்வெல் நீரை ரேடியேட்டரில் ஊற்றினால், அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் நீர்வழிகள் அரித்துப்போகும். கூலண்ட்டை டிஸ்டில்டு வாட்டரில் மட்டுமே கலக்க வேண்டும். வெயில் ஊருக்குத் தேவையில்லை என்று சொல்லி, கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கமும் தவறு. அது இல்லாத இஞ்சின் உரிய வெப்பநிலைக்கு வரத் தாமதமாகி, பெட்ரோலை அதிகம் குடிக்கும்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. எனவே டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ஹோஸ்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றி, கார்புரேட்டருக்குப் புது ரப்பர் கிட்டும் போட்டுவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், வாரக்கணக்கில் வண்டியை எடுக்காமல் நிறுத்துவதும் நல்லதல்ல.

மாற்றங்களைப் பொறுத்தவரை, எனக்குப் பிடித்தவை தேவைப்பட்டால் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியவை மட்டுமே. ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலேக்களும் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை இயக்கும் சுவிட்சுகள்) தடித்த வயரும் போடுவது அவற்றில் முதலாவது. இரண்டு விளக்குகளும் சேர்ந்து இழுக்கும் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரம் பழைய சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும்போது வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடுகிறது. ரிலே வைத்ததும் அதே 60/55 வாட் பல்பு, கண்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் சாலையில் தெளிவாக வழி காட்டுகிறது. நல்ல சீட் பெல்ட், கதவுக்குள் ஒலியடக்கும் பட்டை, புதிய ஸ்பீக்கர் ஆகியவையும் செய்யத் தக்கவை. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதும் அகலச் சக்கரம் போடுவதும், நம் சாலைகளில் புதிதாக வைத்த தரையையே உரசிக் கிழிக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இஞ்சினை மாற்றவோ வண்ணத்தை மாற்றவோ நினைத்தால், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, ஆர்.சி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கறுப்பு ஃபிலிம் 2012-லிருந்தே கூடாது. பழைய வண்ணத்தையே திரும்ப அடிப்பது அலைச்சலையும் செலவையும் சேர்த்துக் குறைக்கும்.

பெயின்ட்டுக்குப் பொங்கலுக்குப் பிந்தைய மாதங்களே ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அடித்தால் சாதாரண என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் வெண்புகை படர்ந்தாற்போல் மங்கிவிடும். கோடையிலும் நண்பகலுக்குமேல் கடற்காற்று ஈரத்தையும் உப்பையும் கொண்டு வருவதால், காலையிலேயே முடித்துவிடும் பட்டறையைத் தேர்ந்தெடுங்கள். பணம் இடம் கொடுத்தால் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் நீடிக்கும்; ஆனால் அதோடு கலக்கும் ஹார்ட்னர் நுரையீரலுக்குக் கெடுதல் செய்யும்; உரிய முகக்கவசம் இல்லாமல் யாரையும் அடிக்கவிடாதீர்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, வாரம் ஒருமுறை மெட்ரோ தண்ணீரில் (குடிநீர் வாரியத் தண்ணீரில்) இரண்டு வாளி எடுத்து, கூரையைவிடச் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் அடிப்பகுதியையும் நன்றாகக் கழுவுங்கள். உறை போடுவதானால் காற்றோட்டமுள்ள துணி உறை போதும். பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும். புரட்டாசி பிறந்ததும் வண்டியை ஒருமுறை உயர்த்தி, அண்டர் கோட்டிங் பெயர்ந்த இடங்களைப் பார்த்து, மழை தொடங்குவதற்கு முன் பூசிவிடுங்கள்.