ஆங்கிலோ-சாக்சன் வரலாறு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

5ஆம் நூற்றாண்டு முதல் 1066 வரை இங்கிலாந்தில் வாழ்ந்த ஆங்கிலோ-சாக்சன்களை ஒரே இரத்தமுள்ள ஓர் இனமாக எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. மற்ற பிழைகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ரோம ஆட்சி முடிந்தது. அதையொட்டிய காலத்தில் வட கடலின் மறுகரையிலிருந்து பல கூட்டத்தார் தலைமுறை தலைமுறையாக வந்து குடியேறினார்கள். 731இல் தம் வரலாற்று நூலை முடித்த பீட் என்ற துறவி, வந்தவர்களை ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் என்று மூவராக வகுத்தார். பாடநூல்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. அதே நூலின் வேறோரிடத்தில் அவர் ஃபிரிசியர் முதலான பிறரையும் சேர்த்துச் சொல்கிறார்.

வந்தவர்கள் உள்ளூர்ப் பிரித்தானியரை அடியோடு ஒழித்தார்கள் என்று எழுதாதீர்கள். பண்பாடு மட்டுமே பரவியது, மக்கள் வரவில்லை என்றும் எழுதாதீர்கள். 2022இல் வெளியான மரபணு ஆய்வு இரண்டையும் மறுக்கிறது. கிழக்கு, தெற்கு இங்கிலாந்தின் தொடக்க இடைக்காலக் கல்லறைகளில் கிடந்தவர்களின் மரபில் சுமார் 76 விழுக்காடு வரை ஐரோப்பியக் கண்டத்தின் வடபகுதியிலிருந்து வந்தது. மீதியில் பெரும்பகுதி உள்ளூர் மரபு. ஆயுதங்களோடு புதைக்கப்பட்ட ஆண்களிடையே உள்ளூர் மரபினரும் தாராளமாக இருந்தார்கள். வாளும் ஈட்டியும் வந்தேறிகளின் அடையாளம் என்ற பழைய எண்ணம் இதில் உடைந்துபோகிறது. கென்ட்டில் 7ஆம் நூற்றாண்டில் புதைக்கப்பட்ட ஒரு சிறுமியின் தந்தைவழிப் பாட்டனோ பாட்டியோ மேற்கு ஆப்பிரிக்க மரபைச் சேர்ந்தவர். அவளையும் அந்த ஊர் தன் பிள்ளையாகவே அடக்கம் செய்திருக்கிறது. எனக்கு இந்த ஆய்வுகளிலேயே மிகவும் பிடித்த செய்தி இதுதான். தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் அரச வம்சத்தின் மூதாதையாகப் போற்றப்பட்ட செர்டிக்கின் பெயரே உள்ளூர்ப் பிரித்தானியரின் பெயர்.

அப்படியானால் பொது அடையாளம் எப்போது பிறந்தது? அது அரசியலில் பிறந்தது. வைக்கிங்குகளை எதிர்க்க வெசெக்ஸும் அதன் வடக்கே இருந்த மெர்சியா அரசின் ஒரு பகுதியும் ஒன்றுசேர்ந்த 880களில், வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட் ‘ஆங்கிலோ-சாக்சன்களின் அரசர்’ என்ற பட்டத்தை ஏற்றார். அவருடைய பேரன் ஏதெல்ஸ்டன் 927இல் வடக்கிலிருந்த நார்தம்பிரியாவையும் சேர்த்துக்கொண்டு ஆங்கிலேயரின் அரசரானார்.

இன்றைய வெள்ளையரைக் குறிக்க ‘ஆங்கிலோ-சாக்சன்’ என்ற பெயரைக் கையாள்வதும் தவறு. பேரரசுக்கும் நிறவெறிக்கும் நியாயம் தேடியவர்கள் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய வழக்கம் அது. அந்தச் சுமை காரணமாகத்தான், இத்துறை ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் 2019இல் தன் பெயரை மாற்றிக்கொள்ள வாக்களித்தது. நார்மானியர் கைப்பற்றிய 1066க்கு முந்தைய இங்கிலாந்தைப் பற்றி எழுதும்போது இச்சொல்லைத் தயங்காமல் பயன்படுத்தலாம். இன்று அங்கே வாழ்பவர்களைச் சொல்ல ‘ஆங்கிலேயர்’ போதும்.