வேலை தேடிச் சோர்ந்த பிள்ளைக்குத் துணை நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். டி.என்.பி.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வு, ராணுவ ஆள்சேர்ப்பு என எந்த அறிவிப்பு வந்தாலும் கடையில் கூட்டம் சேரும். விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளோடு அப்பாவோ அக்காவோ மாமாவோ கூடவே வருவார்கள். எல்லோரும் நல்லது நினைத்துத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்கள் பேசப் பேச அந்தப் பிள்ளையின் தலை குனிந்துகொண்டே போவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால் வேலை தேடுகிறவருக்குச் சொல்வதை விட, பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சோர்ந்து போன ஒருவருக்குப் பேசிப் பேசியே தைரியம் வரவழைக்க முடியாது. அடுத்த விண்ணப்பத்துக்கும் அடுத்த இன்டர்வியூவுக்கும் எது குறுக்கே நிற்கிறதோ, அதை எடுத்துப் போட்டால் தைரியம் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே வரும். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதால்தான் நடக்கின்றன.

"எங்கனா கெடச்சிதா?"

"இன்னா கண்ணு, எங்கனா வேலை கெடச்சிதா?" நம் பக்கத்தில் இது ஒரு விசாரிப்பு, அவ்வளவுதான். கேட்கிறவர் பதிலுக்குக்கூடக் காத்திருக்க மாட்டார். ஆனால் ஒரே கல்யாண வீட்டில் அதே கேள்விக்குப் பத்துப் பேரிடம் "இல்ல மாமா", "இன்னும் இல்ல அத்தை" என்று சொல்ல வேண்டியிருப்பவரை நினைத்துப் பாருங்கள். அடுத்த விசேஷத்துக்கு அவர் வர மாட்டார். கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வெளியூர்ச் சொந்தமெல்லாம் குடியாத்தத்தில் கூடும்போது, இவர் மட்டும் தலைவலி என்று வீட்டிலேயே படுத்திருப்பார். எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவல் காதில் விழக்கூடிய இடமே அந்தக் கூட்டம்தான். அதையும் அந்தக் கேள்வியே மூடிவிடுகிறது.

வீட்டில் இதற்கு ஒரு வழி உண்டு. வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று வைத்துக்கொள்ளுங்களேன், அரை மணி நேரம் வேலை விஷயம் பேசலாம். எதற்கு விண்ணப்பித்தாய், எங்கே தடுக்கிறது, நான் எதைப் பார்க்கட்டும் என்று கேட்கலாம். மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சே வேண்டாம். கிரிக்கெட்டையும் குழம்பையும் பற்றிப் பேசுங்கள். சொந்தக்காரர்களுக்கு இன்னும் எளிது: கையில் ஒரு காலியிடத் தகவல் இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் "நல்லா இருக்கியா" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சந்தையின் குறையை ஆள் மேல் சுமத்துவது

"பக்கத்து வீட்டுப் பையன் போன வருஷமே போயிட்டான், உனக்கு அக்கறை இல்லை." இப்படிப் பேசுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். 2024-ல் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். ஒரு இடத்துக்கு 300 பேருக்கு மேல். இடங்களைப் பிறகு கூட்டினார்கள் என்றாலும், நன்றாகப் படித்து எழுதிய எத்தனையோ பேர் வெளியே நிற்க வேண்டிய கணக்கு இது.

தனியார் பக்கமும் அப்படித்தான். 2021, 2022-ல் கல்லூரி கல்லூரியாக வந்து ஆள் எடுத்த ஐ.டி. நிறுவனங்கள் அடுத்த இரண்டு வருடங்களில் புதியவர்களை எடுப்பதை வெகுவாகக் குறைத்துக்கொண்டன. ஆஃபர் லெட்டரைக் கையில் கொடுத்துவிட்டு, சேரும் தேதி சொல்லாமல் மாதக்கணக்கில் காக்க வைத்ததும் நடந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, பேரணாம்பட்டுப் பக்கத் தோல், ஷூ கம்பெனிகள் ஏற்றுமதியை நம்பியவை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது, அந்த ஆர்டரை நம்பி இருந்தவர்கள் திணறிப் போனார்கள். கணியம்பாடியில் உட்கார்ந்து ரெஸ்யூம் அனுப்புகிற பிள்ளையால் இதில் எதை மாற்ற முடியும்?

இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். "இது உன் தப்பு மட்டும் இல்லை" என்று அப்பா வாயால் கேட்பதற்காகவே ஏங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அதே சமயம், குரூப் 4 ஒன்றையே கட்டிக்கொண்டு வருடங்கள் ஓடுவதற்கும் வீடு துணை போகக் கூடாது. "கவர்ன்மென்ட் வேலைதான் வேலை" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது நாம்தான். எத்தனை தேர்வு வரை முழு நேரமாகப் படிப்பது, அதற்கு மேல் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டே எழுதுவது எப்போதிலிருந்து என்பதை இரண்டு பக்கமும் சேர்ந்து முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால், பிறகு சண்டை குறையும்.

கேட்டால் தருவேன் என்று காத்திருப்பது

கடையில் நான் அடிக்கடி பார்ப்பது இது. ரெஸ்யூமில் ஒரு போன் நம்பர் இருக்கும். விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. வர வேண்டும், வராது. என்னவென்று பார்த்தால் ரீசார்ஜ் முடிந்து நாளாகியிருக்கும். ரீசார்ஜ் முடிந்து சில நாள் ஆனால் வருகிற அழைப்பும் நின்றுவிடும். கம்பெனியில் இருந்து ஹெச்.ஆர். கூப்பிட்டிருந்தாலும் இவருக்குத் தெரியாது. "ஒருத்தரும் கூப்பிடவே இல்லைண்ணா" என்று நொந்துபோய்ச் சொல்லும் பிள்ளையிடம், வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "எத்தனை வாட்டி கேட்கிறது" என்பதுதான் பதில்.

இருபத்து மூன்று வயதில் பஸ் சார்ஜுக்குக் கை நீட்டுவது கூச்சமான காரியம். ராணிப்பேட்டை சிப்காட்டில் நேரில் வரச் சொல்லியிருப்பார்கள், போக வர ஆகும் பணத்தைக் கேட்கத் தயங்கி அவர் போகாமல் விட்டிருப்பார். வீட்டில் அதற்குச் சோம்பேறி என்று பெயர் வைப்பார்கள். மாதம் பிறந்ததும் வீட்டு நிலைக்குத் தகுந்த ஒரு தொகையை, அது 500 ரூபாயாக இருந்தாலும் சரி, அவர் கேட்காமலே கையில் கொடுத்துவிடுங்கள். கணக்குக் கேட்காதீர்கள். ரீசார்ஜை நீங்களே போட்டுவிடுங்கள். பிறந்தநாளுக்குச் சட்டை வாங்கித் தருகிற சித்தப்பா, மூன்று மாத ரீசார்ஜ் போட்டுத் தரலாம்.

வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்பதும் மறந்துபோகிற விஷயம். பதிவு செய்து 5 வருடம் முடிந்து, குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருந்தால் அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். சின்னத் தொகைதான், ஆனால் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிவுரையைக் கொடுத்துவிட்டு ஆளைக் கொடுக்காமல் இருப்பது

"நம்பிக்கையோட இரு, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்பது சொல்கிறவருக்குத்தான் ஆறுதல். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், ஆள் மூலமாக வேலை கிடைத்தவர்களைப் பற்றி ஆராய்ந்து 1973-ல் எழுதியது நமக்கும் பொருந்தும். அவர்களில் பெரும்பாலோருக்குத் தகவல் வந்தது தினமும் பழகுகிற நண்பர்களிடம் இருந்து அல்ல, எப்போதாவது பார்க்கிறவர்களிடம் இருந்து. நெருங்கியவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரிந்திருக்கும். வேறு வட்டத்தில் இருப்பவருக்குத்தான் வேறு செய்தி வரும்.

அந்த மாதிரி அறிமுகங்கள் உங்களிடம் நிறைய இருக்கும். ஏலகிரி எக்ஸ்பிரஸில் தினமும் சென்னைக்குப் போய் வருகிற சீசன் டிக்கெட்காரர்கள், சிப்காட் செக்யூரிட்டி, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த தெருக்காரர், ஒரகடத்துக்கு ஆள் அனுப்புகிற கான்ட்ராக்டர். ஆனால் "நான் சொன்னேன்னு சொல்லிப் போய்ப் பாரு" என்று அரைகுறையாக அனுப்பாதீர்கள். என்ன வேலை, எந்த ஷிப்ட், சம்பளம் கையில் எவ்வளவு வரும், யாரை எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்று முழுதாகக் கேட்டுச் சொல்லுங்கள். முதல் போனை நீங்களே போட்டு அறிமுகப்படுத்திவிடுங்கள். சோர்ந்திருப்பவருக்கு முன்பின் தெரியாத ஆளிடம் பேச ஆரம்பிப்பதுதான் மலையாக நிற்கும்.

அவரைக் கேட்காமல் அவர் பெயரில் விண்ணப்பம் போடுவது இதற்கு நேரெதிரான தவறு. ஒரே பயோடேட்டாவை முப்பது ஜெராக்ஸ் எடுத்து, கண்ணில் படுகிற கம்பெனியில் எல்லாம் கொடுத்துவிட்டு வருகிற அப்பாக்கள் உண்டு. பாவம், அலைச்சல்தான் மிச்சம். எதற்கு விண்ணப்பித்தோம் என்றே தெரியாமல் போனில் திணறுகிற பிள்ளையை எந்தக் கம்பெனி எடுக்கும்?

சும்மாதானே இருக்கிறான்

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்டால் என்று ஓர் ஊர். அங்கிருந்த நூற்பாலை மூடி ஊரே வேலை இழந்தபோது, 1930-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் அங்கே தங்கிப் பார்த்தார்கள். கையில் நேரம் நிறைய இருந்தும் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துவிட்டது. ஆண்களின் நடை தளர்ந்தது, தெருவில் நடக்கும்போது அடிக்கடி நின்றார்கள். அன்றைக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வீட்டு வேலை இருந்ததால் பெண்களின் நடையில் வேகம் இருந்தது.

மத்தியானம் வரை தூங்குகிறான், போனையே பார்க்கிறான் என்று நாம் திட்டுவது பல சமயம் இந்தத் தளர்ச்சியைத்தான். காலையில் வீட்டை விட்டுக் கிளம்ப ஒரு காரணம் வேண்டும். நூலகத்துக்குப் போய்ப் படிக்கலாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்பு நடக்கும், அதில் சேரலாம். இரண்டு மணி நேரப் பகுதிநேர வேலை கிடைத்தாலும் நல்லது. "சும்மாதானே இருக்கே" என்று கேஸ் புக்கிங், ரேஷன், தங்கச்சியை ஸ்கூலில் விடுவது என அந்த நேரத்தைத் துண்டு துண்டாக்காதீர்கள். வீட்டு வேலை செய்யட்டும், அதில் தப்பில்லை. பத்தில் இருந்து ஒன்று வரை அவர் நேரம் என்றால் அதை மதியுங்கள்.

பெண் பிள்ளையாக இருந்தால் "வேலைதான் கிடைக்கலையே, ஜாதகத்தை எடுப்போம்" என்ற பேச்சு சீக்கிரமே வந்துவிடும். எனக்கு இதில் மிகுந்த வருத்தம். தேடுவதற்குத் தம்பிக்குக் கிடைக்கிற மூன்று வருடம் அக்காவுக்குக் கிடைப்பதில்லை. வெளியூர் அனுப்பப் பயமாக இருந்தால், வேலை செய்யும் பெண்களுக்காகத் தமிழக அரசு நடத்தும் தோழி விடுதிகளைப் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பணம் கட்டி வாங்கும் வேலை

பிள்ளை துவண்டு கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் பெற்றவர்கள் நகையை அடகு வைக்கும் இடம் இது. "உள்ளே ஆள் இருக்கு, மூணு லட்சம் கொடுத்தா ஆர்டர் கையில" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். போட்டித் தேர்வு மூலம் நிரப்பும் இடத்தை யாராலும் விற்க முடியாது. வெளிநாடு என்றால், ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவரா என்று இமைகிரேட் தளத்தில் பாருங்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று சுற்றுலா விசாவில் அழைத்துப் போய், கம்போடியாவிலும் மியான்மரிலும் ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கும்பல்களிடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் மாட்டியிருக்கிறார்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் போனது பிள்ளையால்தான் என்று மட்டும் சொல்லிக் காட்டாதீர்கள்.

சோர்வு எல்லை மீறும்போது

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, நண்பர்களை முழுக்க விட்டுவிட்டு, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று பேச ஆரம்பித்தால், அதை வேலை கிடைத்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல ஒரு ஆள் கிடைத்தது என்ற நிம்மதிதான் வரும். அவரைத் தனியாக விடாதீர்கள். மனநல ஆலோசனைக்குத் தமிழ்நாட்டில் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416, இரண்டும் எந்நேரமும் கிடைக்கும் இலவச எண்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு நீங்களே கூட்டிப் போகலாம்.

வேலை கிடைத்த பிறகும்

ஒரு வழியாக ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ வேலை கிடைத்துப் போனவர் பத்து நாளில் பையோடு திரும்பி வருவது உண்டு. வாசலிலேயே "வந்த லட்சுமியை உதைச்சிட்டியே" என்று ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட வைத்து, மறுநாள் கேளுங்கள். சொன்ன சம்பளம் ஒன்று, கொடுத்தது ஒன்றாக இருக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வைத்திருக்கலாம். பல பேர் திரும்புவதற்குக் காரணம் இன்னும் சாதாரணமானது: கையில் காசு தீர்ந்துபோயிருக்கும். மாதத் தொடக்கத்தில் சேர்ந்தால்கூட முதல் சம்பளம் வர முப்பத்தைந்து, நாற்பது நாள் ஆகும். அதுவரை ரூம் அட்வான்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் என்ன செய்வது என்று அவர் கிளம்புவதற்கு முன்பே உட்கார்ந்து பேசி, அந்தப் பணத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.