பினாங்கில் லாஜிஸ்டிக்ஸ் தொழிற்பயிற்சி: ஒரு சரக்கின் பின்னாலேயே போய்ப் படிப்பது எப்படி?

லத்திஹான் இண்டஸ்திரி (தொழிற்பயிற்சி) கடிதம் கைக்கு வந்துவிட்டது. பாயான் லெப்பாஸில் ஒரு பெரிய மின்னணுக் கம்பெனி, லாஜிஸ்டிக்ஸ் அண்ட் ஆப்பரேஷன்ஸ் பிரிவு. சரி, அங்கே போய் என்ன செய்வது? நம் பிள்ளைகள் பலர் ஃபோட்டோஸ்டாட் எடுத்து, எக்செல் நிரப்பி, லாக்புக்கில் (வேலைக் குறிப்பேட்டில்) தினமும் "டேட்டா என்ட்ரி" என்று எழுதிவிட்டுத் திரும்பி வருகிறார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம். சேர்ந்த உடனே ஒரே ஒரு சரக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்டர் வந்த நொடியிலிருந்து விமானம் ஏறும் வரை அதை விடாதீர்கள். இந்தத் துறையின் முக்கால்வாசியும் அந்த ஒரு சரக்குக்குள்ளேயே இருக்கிறது.

படி 1: போவதற்கு முன் ஊரின் வரைபடத்தைப் பாருங்கள்

பாயான் லெப்பாஸ் தீர்வையற்ற தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. இங்கே செய்யும் மின்னணுச் சில்லு சிறியது, விலையோ அதிகம். அதனால் பெரும்பாலும் விமானத்தில்தான் போகும். கனமான சரக்கு என்றால் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தையோ 2014இல் திறந்த இரண்டாம் பாலத்தையோ தாண்டி, பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்குப் போக வேண்டும். லோரி ஏன் இந்த நேரத்தில் கிளம்புகிறது என்று பின்னால் யோசிக்கும்போது இந்தப் படம் மனதில் இருக்க வேண்டும்.

கால் விரலைக் காக்கும் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணி கம்பெனி தருமா, நீங்களே வாங்க வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். எக்செல்லில் வி-லுக்அப் (VLOOKUP), பிவட் டேபிள் இரண்டும் கைவந்திருந்தால் போதும்.

படி 2: முதல் வாரம் ஆபீஸில் அல்ல, ஸ்டோரில்

மேலாளரிடம் அனுமதி கேட்டு லோரியில் சரக்கு ஏற்றி இறக்கும் லோடிங் பேயில் நில்லுங்கள். அங்கே பல வருடம் இருக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்குத் தெரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடையாது. "அண்ணே, இந்த பேலட் (சரக்கு அடுக்கும் பலகை) ஏன் தனியா நிக்குது?" என்று கேளுங்கள். மலாய்க்காரர் என்றால் "பாங்" (அண்ணன்) அல்லது "என்சிக்" (ஐயா) என்று கூப்பிட்டுவிட்டுக் கேளுங்கள். சொல்லித்தருவார்கள். ஆனால் ஃபோர்க்லிஃப்ட் பின்னோக்கி வரும்போது ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். மஞ்சள் கோட்டுக்குள் கால் வைக்கவும் கூடாது.

அப்புறம் ஒரு நாள் சரக்கு எண்ணிக்கைக்குப் போங்கள். அலமாரியில் இருப்பதும் கணினியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று எண்ணிப் பார்க்கும் வேலை அது. சலிப்பாக இருக்கும், இருந்தாலும் விடாதீர்கள். ஒரு பாகம் குறைந்தால், அது தவறான அலமாரியில் இருக்கிறதா, உற்பத்திப் பிரிவு பதியாமல் எடுத்துவிட்டதா, வரும்போதே குறைவாக வந்ததா என்று தேடும்போதுதான் மற்ற பிரிவுகளெல்லாம் எப்படி ஓடுகின்றன என்பது புரியும்.

படி 3: உங்கள் சரக்கைத் தேர்ந்தெடுத்து அதன் தாள்களைச் சேருங்கள்

அவசரமில்லாத, வழக்கமாகப் போகும் ஓர் ஏற்றுமதிச் சரக்காக இருக்கட்டும். வாடிக்கையாளரின் ஆர்டர், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துக்கான கே2 படிவம், விமானச் சரக்குச் சீட்டான ஏர்வே பில் ஆகியவற்றை வரிசையாக வையுங்கள். இறக்குமதி என்றால் கே2 இடத்தில் கே1. பெட்டிகளின் எண்ணிக்கை, எடை, பொருளின் பெயர் மூன்றும் அவை வரும் தாள்களிலெல்லாம் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ஒரு தாளில் 10 பெட்டி, இன்னொன்றில் 11 என்று இருந்தாலே சரக்கு நின்றுவிடும்.

ஏர்வே பில் எண்ணையும் சும்மா விடாதீர்கள். மொத்தம் 11 இலக்கம். முதல் மூன்றும் விமான நிறுவனத்தைக் காட்டும். மலேசியா ஏர்லைன்ஸுக்கு 232. மீதி எட்டில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. அதற்கு முன்னுள்ள ஏழு இலக்க எண்ணை 7ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. 1234567ஐ 7ஆல் வகுத்தால் மீதி 5. ஆகவே 232-12345675 என்பது சரியான அமைப்பு. கடைசியில் 6 என்று இருந்தால் யாரோ தட்டச்சில் கோட்டைவிட்டிருக்கிறார்கள். எக்செல்லில் இதற்கு ஒரு வரி சூத்திரம் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், பிரிவில் எல்லாரும் பயன்படுத்துவார்கள்.

படி 4: எடையைக் கணக்கிடுங்கள்

பயிற்சி முழுவதிலும் ஒரே ஒரு விஷயம் கற்கலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். விமானச் சரக்குக்கு உண்மையான எடை, கொள்ளளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000ஆல் வகுத்தால் கொள்ளளவு எடை கிலோவில் வரும்.

60 × 50 × 40 சென்டிமீட்டர் அளவில் 10 பெட்டிகள், ஒவ்வொன்றும் 12 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான எடை 120 கிலோ. ஒரு பெட்டியின் கொள்ளளவு 1,20,000 கன சென்டிமீட்டர். 6000ஆல் வகுத்தால் 20 கிலோ. பத்துப் பெட்டிக்கு 200 கிலோ. ஆக, கம்பெனி 80 கிலோ காற்றுக்குக் காசு கட்டுகிறது! உயரத்தை 30 ஆகக் குறைக்க முடிந்தால் அந்த 200 கிலோ 150 கிலோவாக இறங்கிவிடும். பொருளைச் சேதமில்லாமல் அந்தப் பெட்டிக்குள் அடக்க முடியுமா என்று பேக்கிங் ஆட்களுடன் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் பயிற்சி அறிக்கைக்கான தலைப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.

கூரியர் நிறுவனங்கள் வழக்கமாக 5000ஆல் வகுக்கும். எந்த வகுஎண் என்பதை விலைப்பட்டியலில் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

படி 5: நேரத்தை எழுதுங்கள்

ஒரு சிறு அட்டவணை போடுங்கள். பேக்கிங் முடிந்தது எப்போது, படிவம் போனது எப்போது, லோரி வந்தது எப்போது, விமானத்துக்கான கட்-ஆஃப் (சரக்கை ஒப்படைக்கக் கடைசி நேரம்) எப்போது. இடையில் எந்த இரண்டு வேலைக்கு நடுவே சரக்கு சும்மா கிடக்கிறது என்பது தெரிந்துவிடும். பெரும்பாலும் லோரியில் தாமதம் இருக்காது. ஒரு கையெழுத்துக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கும்.

நம் ஊருக்கே உரிய சில விஷயங்களையும் அட்டவணையில் குறியுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம். மாலையில் பாலத்தில் நெரிசல். சீனப் புத்தாண்டு, ஹரி ராயா காலங்களில் சில நாள்களுக்குச் சரக்கு வாகனங்களுக்குச் சாலைத் தடை வரும். அதற்கு முந்தைய வாரம் ஸ்டோர் பிதுங்கும்.

படி 6: லாக்புக்கும் அறிக்கையும்

"இன்று டேட்டா என்ட்ரி செய்தேன்" என்று எழுதாதீர்கள். "மூன்று ஏற்றுமதிகளின் பேக்கிங் லிஸ்டை இன்வாய்ஸோடு ஒப்பிட்டேன், ஒன்றில் எடை மாறியிருந்தது, ஃபார்வர்டருக்கு (சரக்கு அனுப்பும் முகவருக்கு)த் தெரிவித்துத் திருத்தினோம்" என்று எழுதுங்கள். அன்றைக்கே எழுதினால்தான் இந்த விவரமெல்லாம் நினைவில் இருக்கும்.

தாள்களைக் கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பகிரவே கூடாது. விலையும் வாடிக்கையாளர் பெயரும் கம்பெனியின் ரகசியம். அறிக்கையில் "வாடிக்கையாளர் அ" என்று போட்டால் போதும். பயிற்சி முடிய இரண்டு வாரம் இருக்கும்போதே வரைவை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள். நீக்க வேண்டியதை அவர் நீக்கச் சொல்வார், எண்களைச் சரிபார்ப்பார். கடைசி நாளில் கொண்டுபோய் நீட்டினால் அவருக்குப் படிக்கவே நேரம் இருக்காது.