சோலோவில் விமானம் துள்ளினால்

அது என் மூன்றாவது சோலோ, அதாவது இன்ஸ்ட்ரக்டர் இல்லாமல் தனியாகப் பறப்பது. செஸ்னா 172 என்ற சின்ன விமானம், வலது இருக்கை காலி. சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. பதறிப்போய் மூக்கைக் கீழே தள்ளினேன். முன்சக்கரம் முதலில் இடித்தது, இன்னும் உயரமாகத் துள்ளியது. மூன்றாவது இடியில் முன்சக்கரக் கால் மடங்கி, ப்ரொப்பெல்லர் ரன்வேயைக் கொத்திக்கொண்டு நின்றது. எனக்குக் கீறல்கூட இல்லை. இன்று நான் இன்ஸ்ட்ரக்டர். சோலோ போகும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

முதலில் வேகம். பக்கத்தில் ஆள் இல்லாததால் விமானம் லேசாகிவிடும். எப்போதும் வருகிற அதே வேகத்தில் வந்தாலும் ரன்வேமேல் மிதந்துகொண்டே போகும். ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பகுதி) முழுக்க இறக்கி, ஃபைனலில் (ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிக் கட்டம்) 65 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்றால் 65தான். அன்று நான் 75-இல் வந்தேன். மிதக்கும்போது பொறுமையாக இருங்கள். மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பிடித்தால் வேகம் தானே குறையும். விமானத்தைத் தரையில் அழுத்தி இறக்கப் பார்க்காதீர்கள்.

துள்ளிவிட்டதா? சின்னத் துள்ளல் என்றால் மூக்கைத் தரை தொடும்போது இருந்ததுபோலச் சற்றுத் தூக்கியே வைத்து, த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) ஒரு விரல் அளவு கூட்டி, பின்சக்கரங்களில் மறுபடி இறக்குங்கள். பெரிதாகத் துள்ளினாலோ, சந்தேகம் வந்தாலோ, கோ-அரவுண்ட்: இறங்குவதை விட்டுவிட்டு மறுபடி மேலே ஏறுங்கள். இரண்டாவது துள்ளலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இதில்தான் நான் கோட்டை விட்டேன். வலது கையை த்ராட்டிலிலிருந்து எடுத்து, இரண்டு கையாலும் யோக்கை (விமானத்தை இயக்கும் கைப்பிடி) பிடித்துக்கொண்டேன். தப்பிக்கும் வழி அந்தக் கறுப்புக் குமிழில் இருந்தது, என் கை அங்கே இல்லை. சக்கரம் தரையில் உருண்டு வேகம் அடங்கும்வரை வலது கை த்ராட்டிலில்தான் இருக்க வேண்டும்.

சரி, முழு த்ராட்டில் கொடுத்தாயிற்று. இப்போது மூக்கு வேகமாக மேலே போகும், ஏனென்றால் ட்ரிம் (யோக்கைப் பிடிக்கும் பாரத்தைக் குறைக்கும் அமைப்பு) இறங்குவதற்காக வைத்தது. யோக்கை முன்னால் அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் தாழ்வான உயரத்திலேயே ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்துவிடும். மூக்கு இடப்பக்கம் இழுக்கும், வலது ரடர் பெடலை (மூக்கை இட வலமாகத் திருப்புவது) மிதியுங்கள். ஃபிளாப்பை உடனே 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். 60 நாட்டில் ஏறத் தொடங்கிய பிறகு மீதியைப் படிப்படியாக எடுக்கலாம். ஒரேயடியாக எடுத்தால் விமானம் அப்படியே அமுங்கும். கட்டுப்பாட்டு டவரிடம் பேசுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

அப்புறமும் உடைந்துவிட்டால்: மிக்ஸ்சர் குமிழை (எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்துவது) முழுக்க வெளியே இழுங்கள், மேக்னெட்டோ சாவியை (எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது) ஆஃப் செய்யுங்கள், எரிபொருள் வால்வை மூடுங்கள், மாஸ்டர் சுவிட்ச் ஆஃப். இறங்கி, ப்ரொப்பெல்லர் பக்கம் போகாமல் பின்பக்கமாக விலகுங்கள். பைலட் பையை எடுக்கத் திரும்பிப் போக வேண்டாம். விசாரணைக்கு வருகிறவர்கள் பார்க்கும்வரை எதையும் நகர்த்தக் கூடாது.

நடந்ததை எழுதித் தரச் சொல்வார்கள். காற்றுமேல் பழி போட மனம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் “75-இல் வந்தேன், இரண்டு கையாலும் யோக்கைப் பிடித்தேன்” என்றே எழுதினேன். மறுபடி பறக்க அனுமதி கிடைத்த அன்று, அதைப் படித்திருந்த என் இன்ஸ்ட்ரக்டர் வலது இருக்கையில் உட்கார்ந்து, த்ராட்டிலில் இருந்த என் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டே 12 லேண்டிங் செய்ய வைத்தார்.