சுஷிக் கடையில் செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாது

மீன் வாங்கத் தெரிந்தவர்கள்தான் சுஷியில் அதிகம் தடுமாறுகிறார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த என் மாமாவே அதற்குச் சாட்சி. 40 வருஷமாக ஞாயிறு தவறாமல் மீன் வாங்கியவர். செவுள் சிவந்திருக்க வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. மூன்றையும் பார்க்காமல் காசை எடுக்க மாட்டார். டோக்கியோவில் எட்டுப் பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு சின்னக் கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன். சூரை மீன் வைத்த நிகிரி, அதாவது கையால் பிடித்த சோற்றின் மேல் மீன் துண்டு வைத்த சுஷி, வந்தது. மாமா என் பக்கம் சாய்ந்து, "மாப்ள, இது இன்னைக்கு வந்த மீனான்னு கேளு" என்றார். கேட்டேன். சமையல்காரர் சிரித்துக்கொண்டே விரல்களை விரித்துக் காட்டினார். 9 நாள்.

மாமா குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் மேல் தப்பில்லை. அவர் கற்ற அடையாளங்கள் எல்லாம் முழு மீனுக்கு உரியவை, அதுவும் குழம்புக்குப் போகிற மீனுக்கு. சுஷியில் தலையும் இல்லை, செவுளும் இல்லை. அங்கே கண்ணும் நாக்கும் வேறு மாதிரி பழக வேண்டியிருக்கிறது. நானும் பழகாமல் சில தவறுகள் செய்தவன்தான்.

"இன்னைக்குப் பிடிச்சதா?"

மீன் செத்ததும் அதன் தசைக்குள் ஒரு வேலை தொடங்குகிறது. உயிரோடு இருந்தபோது தசைக்கு ஆற்றல் கொடுத்த ஏடிபி என்ற பொருள் படிப்படியாக உடைந்து இனோசினிக் அமிலமாகிறது. நாக்கில் நின்று ஊறும் உமாமிச் சுவையில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஹிராமே என்று ஒரு மீன், நம் நாக்கு மீன் போலத் தட்டையாக இருக்கும். அதைப் பிடித்த கையோடு அறுத்துத் தின்றால் ரப்பர் மாதிரி கடிபடும், ருசி என்று சொல்ல அதிகம் இருக்காது. ஒரு நாள், இரண்டு நாள் குளிரில் கிடந்தால்தான் சதை இளகிச் சுவை ஏறும். பெரிய சூரைக்கு ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகலாம்.

அதற்காக வைத்துக்கொண்டே போகவும் முடியாது. இனோசினிக் அமிலமும் சிதைந்து இனோசினாகும், அது ஹைப்போஸாந்தினாகும், அப்போது ருசி போய்க் கசப்பு தட்டும். இந்தச் சிதைவை அளக்க ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959இல் 'கே மதிப்பு' என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். அது 20 சதவீதத்துக்குள் இருந்தால் பச்சையாகத் தின்னலாம் என்பது பொதுவான கணக்கு.

எப்போது பிடித்தார்கள் என்பதை விட எப்படிக் கொன்றார்கள் என்பது முக்கியம். இக்கெஜிமே என்று ஒரு முறை இருக்கிறது. மீனின் மூளையில் கூரான முள்ளை இறக்கி ஒரு நொடியில் முடித்து, ரத்தத்தை வடித்து, முதுகுத்தண்டின் குழலில் கம்பியை ஓட்டிவிடுவார்கள். கேட்கக் கொடூரமாக இருக்கலாம். ஆனால் மூச்சுத் திணறித் துள்ளித் துடித்துச் சாகும் மீன், தன் ஏடிபியை அந்தத் துடிப்பிலேயே எரித்துவிடுகிறது. பிறகு அதைக் குளிரில் வைத்துப் பக்குவப்படுத்த உள்ளே சரக்கு இருக்காது.

இதெல்லாம் புதுப் பழக்கமும் இல்லை. இன்று நாம் பார்க்கும் நிகிரி, டோக்கியோ எடோவாக இருந்த காலத்தில், 1820களில் பரவியது. ஹனாயா யோஹெய் என்பவர் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். அன்றைக்கு ஃப்ரிட்ஜ் ஏது? மீனை உப்பில் புரட்டினார்கள், வினிகரில் நனைத்தார்கள், சோயாவில் ஊறப்போட்டார்கள், விலாங்கை வேகவைத்தார்கள். கொஹதா என்று மத்தி மாதிரி ஒரு வெள்ளித்தோல் மீன். அதற்கு எவ்வளவு உப்பு, எத்தனை நிமிஷம் வினிகர் என்பது மீனின் அளவையும் கொழுப்பையும் பொறுத்து மாறும். கடையின் கைப்பக்குவத்தை எடைபோட முதலில் இதைக் கேட்டு வாங்குபவர்கள் இன்றும் உண்டு. கொழுத்த சூரையைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம், கொஹதாவைக் கையால்தான் செய்தாக வேண்டும்.

எல்லா மீனும் இப்படிப் பொறுத்துக்கொள்ளாது. சபா, அதாவது நம் கானாங்கெளுத்தியின் இனம், 'உயிரோடு இருக்கும்போதே அழுகும்' என்று ஜப்பானிலேயே சொலவடை இருக்கிறது. மத்தியும் அப்படித்தான். அமா எபி என்ற இனிப்பு இறாலோ பிடித்தவுடன் இனிக்காது, ஒரு நாளாவது போக வேண்டும்.

மாமா கடைசியில் அந்த 9 நாள் சூரையைத் தின்றார். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "இன்னொன்னு கேளு" என்றார். அது தீர்ந்துவிட்டது, 4 நாள் ஆனதுதான் இருக்கிறது என்றார்கள். "அது இன்னும் பழுக்கலையே" என்றார் மாமா.

ஐஸ் மீன் என்றால் முகம் சுளிப்பது

டோக்கியோவின் மீன் சந்தை 2018 அக்டோபரில் ட்சுகிஜியிலிருந்து டொயோசுவுக்கு மாறியது. அதிகாலை ஏலத்தைப் பார்த்தால், கட்டையைப் போல் உறைந்து வெண்பனி படிந்த சூரைகள் தரையில் வரிசையாகக் கிடக்கும். நடுக்கடலில் பிடித்து −60 டிகிரியில் உறைய வைத்தவை. வாலை வெட்டி அந்த வெட்டுமுகத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். வாங்குபவர் டார்ச் அடித்து நிறம் பார்ப்பார், ஒரு சிட்டிகை சதையைக் கிள்ளி இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பார். கொழுப்பு எவ்வளவு, நார் எப்படி என்று விரல் சொல்லிவிடும். உலகத்திலேயே சூரையை நன்றாகத் தெரிந்தவர்கள் உறைந்த மீனைத் தேய்த்துப் பார்த்து வாங்கும்போது, சாப்பிடப் போகிற நாம் "ஃப்ரோசனா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவதில் அர்த்தம் இல்லை.

உறையவைப்பதில் பாதுகாப்பும் இருக்கிறது. அனிசாக்கிஸ் என்ற புழு சபா, கணவாய், மத்தி, கடலில் பிடித்த சால்மன் போன்றவற்றில் இருக்கும். 2, 3 சென்டிமீட்டர் நீளம், வெள்ளை நூல் மாதிரி. உயிரோடு உள்ளே போனால் சில மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். டாக்டர் எண்டோஸ்கோப்பை விட்டுப் பிடித்து எடுப்பார். வினிகரும் வசாபி என்ற பச்சைக் காரப் பசையும் புழுவைக் கொன்றுவிடும் என்று நம்புவது பெரிய தவறு. உப்பு, வினிகர், சோயா, வசாபி எதற்கும் அது சாகாது. −20 டிகிரியில் 24 மணி நேரத்துக்கு மேல் உறைய வைக்க வேண்டும், அல்லது வேகவைக்க வேண்டும் என்பதுதான் ஜப்பான் சுகாதார அமைச்சகம் சொல்வது. மீன் புதுசாக இருந்தால் மட்டும் போதாது, அப்போதுதான் பிடித்த சபாவிலும் புழு இருக்கலாம்.

கவனிக்க வேண்டியது உருக்கிய விதத்தை. அவசரமாக உருக்கிய மீன் தண்ணீர் விடும். தட்டில் சிவப்பாக நீர் தேங்கியிருந்தாலோ, அடியில் போட்ட காகிதம் நனைந்து கிடந்தாலோ, கடிக்கும்போது சதை பஞ்சுபோல் நசுங்கினாலோ அந்தக் கடையில் உறையவைத்ததில் தவறில்லை, உருக்கத் தெரியவில்லை என்று அர்த்தம்.

நிறத்தை நம்புவது

சூரையின் சிவப்புக்குக் காரணம் மயோகுளோபின் என்ற புரதம். காற்றுப் பட்டால் சில மணி நேரத்தில் அது பழுப்பேறத் தொடங்கும், அதுதான் இயற்கை. ஒரே சீராக, தர்பூசணித் துண்டு மாதிரி, மறுநாளும் மாறாமல் பளபளக்கும் சூரையைப் பார்த்தால் நான் ஒதுங்கிவிடுவேன். கார்பன் மோனாக்சைடு வாயுவை ஏற்றினால் மீன் கெட்டாலும் அந்த நிறம் மாறாது. ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் இதை அனுமதிப்பதில்லை, அமெரிக்காவில் உண்டு. நிறத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத வாடிக்கையாளர்களுக்காகவே பிறந்த தொழில்நுட்பம்.

சால்மனின் ஆரஞ்சு நிறமும் அது தின்ற தீனியில் இருக்கும் அஸ்டாக்ஸாந்தினைப் பொறுத்தது. பண்ணைக்காரர் எவ்வளவு அடர்த்தி வேண்டுமோ அவ்வளவுக்குத் தீனியைக் கலக்கலாம். எதிர்ப்பக்கமும் ஒரு பயம் உண்டு. வெட்டிய சூரையின் மேல் பச்சையும் ஊதாவுமாக வானவில் மாதிரி மினுக்கம் தெரியும், உடனே கெட்டுப்போச்சு என்பார்கள். தசைநார்களை அறுத்த கோணத்தில் வெளிச்சம் சிதறுவதுதான் அது, மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விலையும் இந்த நிறத்தைப் போலத்தான். 2019 ஜனவரியில் டொயோசுவின் முதல் புத்தாண்டு ஏலத்தில் ஓமா கடலில் பிடித்த 278 கிலோ சூரையை ஒரு சுஷிக் கடை முதலாளி 33 கோடியே 36 லட்சம் யென் கொடுத்து எடுத்தார். அது மீனின் தரத்துக்கான விலை என்று யாரும் அங்கே நினைப்பதில்லை. உலகப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் படம் வந்ததே, அதற்கான விலை.

சோற்றைப் பார்க்காமல் விடுவது

நான் செய்ததிலேயே பெரிய தவறு இதுதான். முதல் வருஷம், வீட்டுக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி எட்டு மணிக்குப் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டிய சுஷித் தட்டுகளை இரண்டு மூன்றாக அள்ளிவந்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் மீன் அப்படியே இருந்தது. சோறு சுண்ணாம்புக் கட்டி. குச்சியால் குத்தினால் உதிர்ந்தது, வாயில் போட்டால் அரைவேக்காட்டு அரிசி.

வெந்த அரிசியின் மாவுச்சத்து 0 முதல் 5 டிகிரிக் குளிரில்தான் வேகமாக இறுகும். ஃப்ரிட்ஜ் இருப்பதும் அந்தச் சூட்டில்தான். மீனுக்குக் குளிர் வேண்டும், சோற்றுக்குக் குளிர் ஆகாது. அதனால்தான் பொட்டலச் சுஷி எப்போதும் ஒரு படி கீழே நிற்கிறது. சுஷி என்ற பெயரே புளிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. புளிப்பு சோற்றில்தானே இருக்கிறது! வெறும் மீன் துண்டுக்குச் சஷிமி என்று தனிப் பெயர் உண்டு.

நல்ல கடையில் சோறு உடம்புச் சூட்டில் இருக்கும். மரத்தொட்டியில் கொட்டி, வினிகர் சேர்த்து, விசிறியால் வீசி ஆற்றியது. பருக்கை பருக்கையாக நிற்கும், ஆனால் பிரிந்து ஓடாது. சமையல்காரர் நிகிரியை உங்கள் முன் வைக்கும்போது உற்றுப் பாருங்கள். காற்று இடைவெளி விட்டுப் பிடித்த சோறு, மேலே இருக்கும் மீனின் கனத்தில் ஒரு நூல் அளவு அமுங்கும். மூச்சு விடுவது மாதிரி. அப்படி அமுங்கும் சுஷியை ஆறவிடாமல் உடனே வாயில் போட வேண்டும். ஃபோட்டோ எடுக்கப் பத்துக் கோணம் தேடினால், அதற்குள் மீனின் குளிரும் சோற்றின் சூடும் ஒன்றாகிவிடும்.

சோறு லேசாகப் பழுப்பாக இருந்தால் பழைய சோறு என்று நினைத்துவிடாதீர்கள். அகாசு என்ற சிவப்பு வினிகர் போட்டிருப்பார்கள், சாக்கே மதுவின் கசடைப் பல வருஷம் புளிக்க வைத்து எடுப்பது. எடோ காலத்துச் சுஷியின் சுவை அதுதான்.

வசாபி பற்றி ஒரு வரி. பச்சைப் பசையாகக் கொடுப்பதில் பெரும்பாலானது குதிரை முள்ளங்கியும் கடுகும் சாயமும். துருவிய நிஜ வசாபியின் மணம் கால் மணி நேரத்தில் போய்விடும் என்பதால் எதிரிலேயே துருவுகிறார்களா என்று பார்த்தால் போதும்.

லேபிளும் நாக்கும்

ஜப்பானில் சூப்பர் மார்க்கெட் மீன் வாங்குபவர்கள் சறுக்குவது கடல் சிப்பியில் (ஆய்ஸ்டர்). ஒரு பாக்கெட்டில் 'நமாஷோகு-யோ', பச்சையாகத் தின்ன. இன்னொன்றில் 'கனெட்சு-யோ', வேகவைக்க. இரண்டாவது பழசு என்று நினைத்து, புதுசாகப் பார்த்து எடுத்தால் பச்சையாகவே தின்னலாம் என்று கணக்குப் போடுவார்கள். அந்த வித்தியாசம் நாள் கணக்கில் வருவதே இல்லை, சிப்பி வளர்ந்த கடல்நீரையும் கிருமி அளவையும் வைத்து வருவது. இன்று காலை எடுத்த 'கனெட்சு-யோ'வையும் வேகவைத்தே ஆக வேண்டும். உண்மையில் அதுதான் கொழுகொழுவென்று இருக்கும், குழம்புக்கு நான் அதைத்தான் வாங்குவேன்.

மூக்கை நம்பலாம், ஓரளவுக்கு. பச்சை மீனில் கடல் வாசனை லேசாக வரலாம், கவிச்சி வந்தால் தட்டைத் தள்ளிவிடுங்கள். ஆனால் சூரை, சபா, புரி (மஞ்சள்வால் மீன்) போன்ற மீன்கள் நடுவில் எங்கோ சூட்டில் கிடந்திருந்தால் பாக்டீரியா அவற்றில் ஹிஸ்டமினை உண்டாக்கிவிடும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் மாறாது. உறைய வைத்தாலும் போகாது, வறுத்தாலும் போகாது. முதல் கடியிலேயே உதடும் நாக்கு நுனியும் சுள்ளென்று குத்தினால் வசாபிக் காரம் என்று விழுங்கிவிடாமல் துப்பிவிட்டுக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து தடிப்பு ஏறினால் டாக்டரிடம் போகும்போது என்ன மீன், எத்தனை மணிக்குத் தின்றீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் அதை மீன் அலர்ஜி என்று எழுதிவிட்டால், பிறகு ஆயுசுக்கும் மீனைத் தொட விடமாட்டார்கள்.